கைநீட்டுச் சட்டம்

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வயிற்றிலிருக்கும் குழந்தையின் பிடரிக்குப் பின்னால், இருக்கவேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக நீர் கோத்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டருக்கே உறுதியாகத் தெரியவில்லை. ஒன்றுமில்லாமலும் போகலாம், பெரிதாகவும் இருக்கலாம், மேற்கொண்டு ஒரு சோதனை செய்தால் சொல்லலாம் என்றார். ஆனால் எங்கள் கார் பல்லடம் ரோட்டைத் தாண்டி வாசலில் வந்து நிற்பதற்குள், என் மாமனார் வீட்டில் அத்தனை பேருக்கும் அதன் அர்த்தம் தெரிந்துவிட்டது.

காரணம் என் கணவன் நிலவன். எது நடந்தாலும் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்ன பிறகுதான் அது நடந்தது என்று நம்புகிற ரகம் அவன். கார் தானாக ஓடியது. அவனுக்கு இரண்டு கையும் சும்மா இருந்ததால் போன் பேச்சு வழக்கத்தைவிட நீண்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் சொன்ன சோதனைக்கு முழுவாசிப்பு என்று பெயர். வயிற்றில் ஊசியை இறக்கி, குழந்தையைச் சுற்றியிருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்து யந்திரத்தில் விடுவார்கள். யந்திரம் குழந்தையின் மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிட்டு, பிறக்கும்போது என்ன, நாற்பது வயதில் என்ன, எழுபதில் என்ன என்று வாய்விட்டுச் சொல்லும். ஆணா பெண்ணா என்பதை மட்டும் சொல்லாது. அந்தப் பழைய சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. நிலாவில் மனை வாங்கிப்போடுகிற காலத்திலும் அந்த ஊசியும் மாறவில்லை. ஊசி போட்டதால் கர்ப்பம் கலைந்துபோகிற அபாயம், ரொம்பக் கொஞ்சம்தான், ஆனாலும் உண்டு. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அந்த ரொம்பக் கொஞ்சம் என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

வீட்டு ஹாலில் சதீஷ் மாமா தயாராகக் காத்திருந்தார். என் மாமனார். ஊரில் பெயர் சொன்னால் தெரியும், பனியன் கம்பெனி முதலாளி.

"அம்மிணி, ஒண்ணும் பயப்படாதே. நம்ம கம்பெனில ஒரு பீஸாவது செக்கிங் பண்ணாம பெட்டிக்குள்ள போகுதா? போகாதில்ல? அப்பறம் என்ன யோசனை? டெஸ்ட்டை எடுத்தறோணும். ஷிப்மெண்ட் போனதுக்கப்பறம் அய்யோன்னா ஆகுமா?"

"பீஸா? பேரனைப் பீஸுங்கறீங்க?" என்றார் பவித்ரா அத்தை. மாமாவின் மனைவி, என் மாமியார். சோபாவைவிட்டு எழுந்திருக்காமலே மாமாவை அடக்கக்கூடியவர். "ஊசியும் வேண்டாம், கீசியும் வேண்டாம். அது பாட்டுக்குத் தண்ணிக்குள்ள சிவனேன்னு இருக்குது. அதைப் போயி எதுக்குக் குத்தறீங்க?"

"ரெண்டு பக்கமும் பாயிண்ட் இருக்குதுங்க மாமா," என்றார் ரித்தீஷ் அண்ணன்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரித்தீஷ் அண்ணன் என் நாத்தனாரின் கணவர். நாத்தனார் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். இவர் இங்கே மாமனார் வீட்டில் அந்த வேலையின் களைப்பைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். காலை பதினொரு மணிக்கு முன்னால் இவரைப் பார்த்தவர்கள் இந்த வீட்டில் இல்லை. போன வருஷம், ஏதாவது ஒன்றில் உட்காரட்டும் என்று மாமா இவரைக் கம்பெனியில் உட்காரவைத்தார். இவர் கைக்குழந்தைச் சட்டைகளின்மேல் பெரியவர்கள் அளவுச் சீட்டை ஒட்டி ஒரு கண்டெய்னரை நார்வேக்கு அனுப்பிவைத்தார். அது போன வேகத்தில் திரும்பி வந்தது. ஆனாலும் வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே, யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மாமாவே அவரை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார், பல்லைக் கடித்துக்கொண்டு.

மூன்று பேரும் சேர்ந்து அன்று சாயங்காலம் முழுவதும் என் வயிற்றைப் பற்றி விவாதித்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். மாமா என்னைத் தாண்டி அத்தையிடம் கத்தினார், அத்தை என்னைத் தாண்டி மாமாவிடம் கத்தினார், ரித்தீஷ் அண்ணன் என்னைத் தாண்டி முறுக்குத் தட்டை எடுத்தார். உனக்கு என்ன தோணுது கண்ணு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அறைக்குப் போனதும் நிலவனைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர்கள் முன்னால்தான் அவன் எனக்கு 'ஏனுங்க.' கதவைச் சாத்தினால் வெறும் நிலவன்.

"நீ என்ன சொல்றே நிலவா? எடுக்கறதா, வேண்டாமா?"

"அப்பா எடுக்கச் சொல்றாரு. அம்மா வேண்டாங்கறாங்க."

"அது எனக்கும் காதுல விழுந்துச்சு. நீ என்ன சொல்றேன்னு கேட்டேன்."

"ரெண்டு பேரையும் மொதல்ல சமாதானம் பண்ணோணும் இதழினி. அப்பறம் சொல்றேன்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. முதலில் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தேன். ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். கொதித்துப்போய்க் கூப்பிடுகிற வெளிநாட்டு வியாபாரிகளிடம் தேன் ஒழுகப் பேசி, கடைசியில் அவர்கள் வாயாலேயே தப்பு தங்கள் பேரில்தான் என்று சொல்லவைப்பது என் பிழைப்பு. இந்த வீட்டைச் சமாளிக்க முடியாதா என்ன? டாக்டர் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டேன். மறுநாள் கவுன்சிலிங்குக்கு ஓர் ஆள் வருவதாக மட்டும் வீட்டில் சொன்னேன். போனில் கேட்டுத் தெரிந்துகொண்ட கைநீட்டுச் சட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் மெர்லின் வந்தாள். நாகர்கோவில்காரி, முப்பது வயதிருக்கும், சிரித்த முகம். கையில் பிரஷர் குக்கர் அளவுக்கு ஒரு யந்திரம். அதை மிக்சர் தட்டுக்கும் காபி டம்ளர்களுக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தாள்.

"முதல்ல ஒரு விஷயம்," என்றாள். "இந்த முழுவாசிப்பு வேணும்ணோ வேண்டாம்ணோ கருத்துச் சொல்லணும்ணு நினைக்கவங்க யாரெல்லாம்?"

மாமா கை தூக்கினார். அத்தை தூக்கினார். ரித்தீஷ் அண்ணன் வாயில் மிக்சரோடு தூக்கினார். நிலவன் சமையலறை வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லது. அப்ப எல்லாரும் கையை நீட்டுங்க. ஆளுக்கு ஒரு ஊசி ரத்தம் எடுக்கணும்."

"எங்களுக்கு எதுக்கும்மா?" என்றார் மாமா. "வயித்துப் பிள்ளைக்காரி அவளாச்சே?"

"சட்டம் சார். நீங்க கேள்விப்பட்டதில்லையா? கைநீட்டுச் சட்டம்ணு சொல்லுவாங்க. இந்த முழுவாசிப்பு வந்த புதுசுல என்னாச்சுன்னா, ஒரு பொண்ணு உண்டானா குடும்பமே கூடி உக்காந்து முடிவு பண்ணும். இந்தப் பிள்ளைக்கு அம்பது வயசுல முட்டி வலி வரும், வேண்டாம். இதுக்குக் கண்ணாடி போடணும், வேண்டாம். இப்படியே சொல்லிச் சொல்லி எத்தனையோ கலைச்சாங்க. இன்னொரு பக்கம், தெரிஞ்சுக்கணும்ணு அழுத பொண்ணுகளையும் சாமி குத்தம்ணு சொல்லி விடல. அதனால இந்தச் சட்டம். யாரு கருத்துச் சொன்னாலும் முதல்ல அவங்களையே இந்த மெஷின் வாசிக்கும். வாசிச்சதை இங்கேயே, எல்லாருக்கும் முன்னால சத்தமாச் சொல்லும். அதைக் கேட்டுட்டு அதுக்கப்புறம் அவங்க கருத்தைச் சொல்லலாம், பிறகு பிள்ளையோட ரிசல்ட்டையும் கேக்கலாம். கர்ப்பிணிக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது. கடைசி முடிவு எப்படியும் அவங்களோடதுதான், பாத்துக்கிடுங்க."

"கை நீட்டலீன்னா?" என்று அத்தை கேட்டார்.

"காபி குடிச்சிட்டு இருக்கலாம் அம்மா. பேசக்கூடாது."

அத்தை பேசாமல் இருப்பதா? நான் டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "ஒரு சொட்டு ரத்தத்துக்கா பயந்துருவோம்?" என்று சட்டைக் கையை ஏற்றிவிட்டு நீட்டினார். மெர்லின் ரத்தத்தை எடுத்து யந்திரத்தில் விட்டாள். "ஒரு விஷயம். மெஷினுக்கு வயசு தெரியாது. யாரு ரத்தம் விட்டாலும் இன்னும் பிறக்காத பிள்ளைண்ணுதான் நினைக்கும். சிரிக்கக்கூடாது."

யந்திரம் சற்று நேரம் முனகியது. பிறகு ஒரு பெண் குரல், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி நிதானமாகப் பேசியது.

"இச்சிசுவின் பாலினம் சட்டப்படி மறைக்கப்பட்டுள்ளது."

"அடக் கெரகமே," என்றார் மாமா, மீசையைத் தடவியபடி.

"இச்சிசுவுக்கு நாற்பது வயதுக்குள் சர்க்கரை நோய் வருவது உறுதி. இச்சிசுவின் கோபம் பிறர் பொறுக்கும் அளவைவிட அதிகமாக இருக்கக்கூடும். முப்பது வயதுக்குள் தலைமுடி முழுவதும் உதிர்ந்துவிடும். மேல்சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. பெற்றோரைக் கலந்து முடிவெடுக்கவும்."

நிலவன் சுவரை இன்னும் நெருங்கி நின்றான். மாமாவின் தலையில் கருகருவென்று அடர்ந்த முடி. அதை அவர் கழற்றி வைத்து இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அது கழற்றக்கூடியது என்று யாரும் சொன்னதும் இல்லை.

"டுபாக்கூர் மெஷினு," என்றார் மாமா, முடியை ஒருமுறை மெதுவாக அமுக்கிப் பார்த்துவிட்டு. "எங்கப்பனும் ஆத்தாளும் போயிப் பல வருசமாச்சு, அவங்களைப் போயி எங்க கலந்து பேசறது? சரி விடுங்க. என்ர கருத்து ஒண்ணுதான். செக்கிங் வேணும்."

மெர்லின் குறித்துக்கொண்டாள். "அடுத்து?"

அத்தை கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "மாப்பிள்ளை மொதல்ல போகட்டும்."

ரித்தீஷ் அண்ணன் கையை நீட்டினார். சாய்ந்து உட்கார்ந்தபடியேதான். யந்திரம் இந்த முறை நெடுநேரம் முனகியது. பிறகு அதற்குள்ளிருந்து ஒரு சின்ன நாதஸ்வர ஓசை வந்ததும் எல்லாரும் திடுக்கிட்டோம்.

"இச்சிசுவிடம் குறை ஏதும் காணப்படவில்லை. இதயம், நுரையீரல், எலும்பு, மூளை, கண், காது, பல் அனைத்தும் மிகச் சிறப்பு. நீண்ட ஆயுள். இது மிக அபூர்வம். பெற்றோருக்கு வாழ்த்துகள்."

"நானே இப்பத்தான் இந்த நாதஸ்வரத்தைக் கேக்கேன்," என்றாள் மெர்லின். "மெஷின்ல இது இருக்குண்ணு சொல்லுவாங்க."

ரித்தீஷ் அண்ணன் ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை. விரலை ஒட்டியிருந்த மிக்சரைத் தட்டிவிட்டு, "அப்பச் சரிங்க மாமா," என்றார். "என்ர கருத்தும் டெஸ்ட் எடுக்கறதுதான். என்னைய மாதிரி ஒண்ணு வந்தா வெச்சுக்கலாம். இல்லீன்னா இதை விட்டுட்டு அடுத்ததைப் பாத்துக்கலாம்."

அந்த வார்த்தை என் அடிவயிற்றில் விழுந்தது. அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாமாம். மிக்சர் தீர்ந்தால் அடுத்த பாக்கெட் பிரிக்கிற மனுஷன் அப்படித்தான் பேசுவார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கண் கலங்கிவிட்டது.

ஆனால் மாமாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை நின்றுபோனது. அவர் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை, காலிலிருந்து தலைவரை. மனக்கண்ணில் இன்னொரு ரித்தீஷ் வந்திருக்கவேண்டும். குட்டி ரித்தீஷ். பதினொரு மணிக்கு எழுந்து, பால் குடித்துவிட்டு, சாய்ந்து உட்காரும் ரித்தீஷ்.

அவர் மெர்லின் பக்கம் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார், எனக்குக் கேட்டுவிட்டது. "ஏம்மா, சோம்பேறித்தனம், பொறுப்பில்லாம சுத்தறது, இதையெல்லாம் இந்த மெஷினு பாக்காதுங்களா?"

"இல்ல சார். ரத்தத்துல இருக்கதை மட்டுந்தான் பாக்கும்."

மாமா நிமிர்ந்தார். "என்ர கருத்தை மாத்திக்கறேன். டெஸ்ட் வேண்டாமுங்க. பொறக்கறது எப்படி வேணா பொறக்கட்டும். எப்படி இருந்தாலும் பரவால்லீங்க." அந்த எப்படி இருந்தாலும் என்பதை மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்.

அத்தைக்கு வெற்றி. ரத்தமே கொடுக்காமல் வெற்றி. மாமா வேண்டாம் என்றாகிவிட்டது, மாப்பிள்ளை இன்னொரு பிடி மிக்சர் எடுத்தாகிவிட்டது. மெர்லின் நிலவனைப் பார்த்து, "நீங்க?" என்றாள்.

"எனக்குக் கருத்து ஒண்ணுமில்லீங்க," என்றான் நிலவன். முகம் வெளிறியிருந்தது.

என் ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஊரான் சொல்லலாம் கருத்து இல்லையென்று. இவன் சொல்லலாமா? ஊசிமுனை அளவு ரத்தம் கொடுத்துப் பேச எனக்கு இவன் இல்லையா? தேன் ஒழுகப் பேசுகிற வாய் அன்று எனக்கு உதவவில்லை.

"எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க," என்றேன். "நேத்து வேணும், வேண்டாம்னு சண்டை போட்டீங்க, இன்னைக்கு வேண்டாம்னு முடிவு பண்றீங்க. ராத்திரியெல்லாம் நான் வயித்துமேல கையை வெச்சுட்டுக் கெடக்கறேன். என்னமோ இருக்குதுன்னு தெரியும், என்னன்னு தெரியாது. இன்னும் ஆறு மாசம் இப்படியே கெடக்க என்னால ஆகாது. ஊசி குத்தி அது போயிருச்சுன்னா அதையும் என்னால தாங்க ஆகாது. இதை யாருகிட்டப் போயிச் சொல்றது?"

பவித்ரா அத்தை என்னையே பார்த்தார். பிறகு முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு, மேஜைமேல் வைத்தார்.

"எடும்மா ரத்தத்தை," என்றார்.

"உனக்கு எதுக்கு? நீ சொன்னதுதான் ஆயிருச்சே," என்றார் மாமா.

"நீங்க சித்தெ சும்மா இருங்க."

யந்திரம் முனகியது. பாலினம் மறைக்கப்பட்டது என்றது. சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

"இச்சிசுவின் இதயத்தின் நடுச்சுவரில் துளை இருக்க மிக அதிக வாய்ப்பு. ஆரம்ப ஸ்கேனில் பிடரிப் பகுதியில் கூடுதல் நீர் காணப்பட்டிருக்கலாம். மேல்சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. கர்ப்பத்தைத் தொடர்வது பற்றிப் பெற்றோருக்கு ஆலோசனை வழங்கவும்."

அத்தை தலையாட்டினார். பழைய ஆள் ஒருவரைத் தெருவில் அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருந்தது அந்தத் தலையாட்டல்.

"இருந்துச்சு," என்றார். "பத்தொம்பது வயசு வரைக்கும் இருந்துச்சு. யாருக்கும் தெரியல. ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்கும். ஆட்டத்துக்குச் சேத்த மாட்டாங்க. சோம்பேறி, வேலைக்கள்ளின்னு எங்கம்மாகிட்ட எத்தனை பேச்சு வாங்கியிருப்பேன். அப்பறம் ஒரு நாள் மயங்கி விழுந்தப்பத்தான் கண்டுபிடிச்சாங்க. தொடை நரம்பு வழியா என்னமோ விட்டு அடைச்சாங்க, வெளிய தழும்புகூட இல்லை. ஒரு வாரத்துல எந்திரிச்சு ஓடுனேன். அடுத்த வருசம் கண்ணாலம். வெளிய சொன்னா மாப்பிள்ளை கெடைக்காதுன்னு எங்கப்பா வாயைக் கட்டிட்டாரு." என் பக்கம் திரும்பினார். "உன்ர பிள்ளைக்குப் பொடனியில தண்ணின்னு அவன் போன்ல சொன்னதுமே எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. என்னாலதான் வந்துருச்சோன்னு. டெஸ்ட் எடுத்தா வெளிய வந்துரும்னுதான் வேண்டாம் வேண்டாம்னேன். ஊசிக்காக இல்லை கண்ணு. எனக்காக. என்ர கருத்து இப்ப இதுதான். எடுத்துப் பாரு. எனக்கு ரெண்டு வயசுல தெரிஞ்சிருந்தா நான் பதினேழு வருசம் பேச்சு வாங்கியிருக்க வேண்டாம்."

நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தையின் கை சில்லென்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

மாமாவுக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. "முப்பத்தஞ்சு வருசம்! முப்பத்தஞ்சு வருசமா என்ரகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலையா உனக்கு? ஏமாத்திக் கட்டி வெச்சிருக்காங்களே!"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு உங்க தலையில இருந்த முடி யாரோடதுங்க?"

மெர்லின் யந்திரத்தைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரித்தீஷ் அண்ணனுக்குப் புரையேறியது. பிறகு, நான் அந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். மாமாவே சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முதல் தடவையாகப் பெண் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

இந்த அமர்க்களத்தில் சமையலறை வாசலை யாரும் கவனிக்கவில்லை. நிலவன் நடந்து வந்து மெர்லினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

"உங்களுக்குத்தான் கருத்து இல்லைண்ணு சொன்னீங்களே?" என்றாள் மெர்லின்.

"இருக்குதுங்க. எடுங்க."

ஊசி உள்ளே போனதுதான் தெரியும். நிலவன் நாற்காலியிலிருந்து சரிந்து, மேஜை விரிப்பையும் இழுத்துக்கொண்டு, மிக்சரோடு தரையில் விழுந்தான். அத்தை அலறினார். நான் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தபோது யந்திரம் தன் கடமையைச் செய்தது.

"இச்சிசு ஊசியைக் கண்டால் மயங்கி விழ அதிக வாய்ப்பு உள்ளது. மற்றபடி நடுத்தரம்."

நிலவன் கண் திறந்தான். அவன் தலை என் மடியில் இருந்தது, காதில் ஓர் ஓமப்பொடித் துண்டு. இத்தனை வருஷத்தில் இவன் ஊசி போட்டுக்கொண்டதை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காய்ச்சல் வந்தால்கூட மாத்திரைதான். இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டுதான் இவ்வளவு நேரமாகச் சுவரைப் பார்த்திருக்கிறான், முட்டாள்.

மெர்லின் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். "கருத்தைச் சொல்லணும் சார். எடுக்கணுமா, வேண்டாமா?"

"தெரியலீங்க," என்றான் நிலவன். கண் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. "பயமா இருக்குது. அதுதாங்க என்ர கருத்து. எடுத்தாலும் பயம், எடுக்காட்டியும் பயம். எதை எடுத்தாலும் அவகூட உள்ள நான் இருக்கோணும். வெளிய நிக்க மாட்டேன்."

"மெஷின்ல வேணும், வேண்டாம், இந்த ரெண்டுதான் இருக்கு," என்றாள் மெர்லின். கொஞ்சம் யோசித்தாள். பிறகு எதையும் அழுத்தாமல் மூடியைச் சாத்திவிட்டாள்.

எனக்கு மட்டும் இத்தனை பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னதும் நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. அவன் காதிலிருந்த ஓமப்பொடியை எடுத்துப் போட்டேன். மெர்லினிடம், எடுக்கிறேன் என்றேன்.

"முழுசுமா?"

"முழுசும் வேண்டாம். பொறந்த உடனே என்ன செய்யோணும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகோணும், இதயம் எப்படி, அதுக்கு என்ன வைத்தியம், அவ்வளவு போதும். சர்க்கரை, வழுக்கை எல்லாம் அதுவே வளந்து தெரிஞ்சுக்கட்டும்."

"தலைமுடியைக் கேக்காம விட்டது நல்லதாப் போச்சு," என்றார் மாமா.

ஊசி போட்ட அன்று நிலவன் சொன்னபடி உள்ளே வந்தான். நர்சு முன்ஜாக்கிரதையாக அவனைத் தரையிலேயே உட்காரவைத்துவிட்டாள். ஊசியைப் பார்க்காமல், கட்டிலுக்குக் கீழே இருந்தபடி என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு வலித்ததைவிட அவன் பிடித்த பிடிதான் அதிகம் வலித்தது. விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

முடிவு வந்தபோது நாங்கள் இருவரும் காரில் இருந்தோம். காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, தலையோடு தலை சேர்த்துக் கேட்டோம். கேட்டு முடித்ததும் நான் அவனைப் பார்த்தேன். அவன் போனை எடுக்கவில்லை. கல்யாணமாகி முதல் தடவையாக, ஒரு விஷயம் அவன் அம்மாவுக்குச் சொல்லாமலே நடந்திருந்தது. கொஞ்ச நேரம் அழுதோம், பிறகு கொஞ்சம் சிரித்தோம், பிறகு பசித்தது. பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நேரில் சொன்னோம். அத்தை கை நீட்டியவர், மாமாவும் நீட்டியவர், அவர்களுக்குச் சொல்லாமல் எப்படி? ரித்தீஷ் அண்ணனும் நீட்டியிருந்தார், சட்டம் சட்டம்தான், அவருக்கும் சொல்லவேண்டியதாயிற்று. "ஓ," என்றார். போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் ஊர் கேட்க ஆரம்பித்தது. எதிர்வீட்டு அம்மாள், கம்பெனி மேனேஜர், ஜெர்மனியிலிருந்து நாத்தனாரின் தோழி, பெயர் தெரியாத யாரோ ஒரு சித்தப்பா. ரிசல்ட் என்னாச்சு, நல்லதா கெட்டதா, வெச்சுக்கறீங்களா, என்னைக் கேட்டா நான் என்ன சொல்வேன்னா. அவர்களை எல்லாம் நான் தேன் ஒழுகப் பேசி ஹாலில் உட்காரவைத்து, காபி கொடுத்து, சட்டத்தைச் சொன்னேன். காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போனவர்கள்தான் அதிகம்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், உங்களுக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும். நான் செய்தது சரியா தப்பா என்று ஒரு கருத்தும் வைத்திருப்பீர்கள், தப்பில்லை. வாங்க, உட்காருங்க. இடது கையா, வலது கையா என்பது உங்கள் விருப்பம். மெர்லினுக்குப் போன் போட்டுவிட்டேன், வந்துகொண்டிருக்கிறாள்.